ஹாசல்பிளாட் 500: லென்ஸ், ஃபில்டர், ஃபிலிம் பேக் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனின் ஹாசல்பிளாட் 500 ஃபிலிம் கேமரா வரிசை 1957இல் 500சி-யுடன் தொடங்கி, 2013இல் 503சிடபிள்யூ நிறுத்தப்பட்டதோடு முடிந்தது. இன்று கைமாறுவதெல்லாம் பழைய சரக்குதான். பாடி பெரும்பாலும் தாங்கிவிடும். காசு கரைவது லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரிலும், பொருந்தாத ஃபில்டரிலும், ஃபிலிமை வைத்துப் பின்னால் மாட்டும், ஒளி கசியும் ஃபிலிம் பேக்கிலும்தான். கேள்விகளும் அங்கேயே அதிகம் வருகின்றன.

ஹாசல்பிளாட் லென்ஸ் என்றால் எதை வேண்டுமானாலும் மாட்டலாமா?

முடியாது. 500 பாடிக்குள் படத்துக்கான ஷட்டர் கிடையாது. காட்சியை மேலே திரைக்குத் திருப்பும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கதவுகள் மட்டுமே உண்டு. சரியான நேரத்தை அளந்து திறந்து மூடும் இலை ஷட்டர் ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியாக இருக்கிறது. எனவே ஷட்டர் உள்ள சி, சிஎஃப், சிஎஃப்ஐ, சிஎஃப்இ, சிபி லென்ஸ்களே உங்களுக்கானவை. 500சி, 500சி/எம், 501, 503, மோட்டார் வைத்த ஈஎல் பாடிகள் எல்லாவற்றிலும் இவை பொருந்தும்.

எஃப், எஃப்இ என்று குறித்த லென்ஸ்கள் 2000, 200 வரிசைகளுக்காகச் செய்தவை. ஷட்டர் அந்தப் பாடிகளில் இருப்பதால் இந்த லென்ஸ்களில் வைக்கவில்லை. 110 மி.மீ. எஃப்/2 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி 500சி/எம்மில் போட்டால் படம் எடுக்க வழியில்லை. 1948, 1952 காலத்து 1600எஃப், 1000எஃப் லென்ஸ்களின் மவுன்ட்டே வேறு. எக்ஸ்பான், எச் வரிசை லென்ஸ்களும் அப்படியே.

சி, சிஎஃப், சிஎஃப்ஐ, சிபி: எதை எடுப்பது?

லென்ஸ் கண்ணாடியின் தரத்தைவிட ஷட்டருக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சி லென்ஸ்களில் சிங்க்ரோ-காம்பூர் ஷட்டர் இருக்கிறது. அதன் முக்கிய ஸ்பிரிங் உடைந்தால் புதிது கிடைப்பது கடினம். பெரும்பாலும் இன்னொரு லென்ஸைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெள்ளி நிற சி பழையது, ஒற்றைப் பூச்சு கொண்டது. 1970களில் வந்த கறுப்பு சி லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் டி-ஸ்டார் பல்லடுக்குப் பூச்சு உண்டு. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டு ஒளியில், லென்ஸ் முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ஹுட் போட்டிருந்தால், அவ்வளவாகத் தெரியாது.

சிஎஃப் 1982இல் வந்தது. ப்ரோன்டர் ஷட்டர், லேசாகச் சுழலும் ஃபோகஸ் வளையம், பெரும்பாலான லென்ஸ்களுக்கு ஒரே ஃபில்டர் அளவு. பழுது பார்க்க ஆளும் பாகமும் சி-யைவிட எளிதில் கிடைக்கும். எங்கள் பரிந்துரை இதுவே. சிஎஃப்ஐ 1998இல் வந்தது. உள்புறக் கறுப்புப் பூச்சும் ஃபிளாஷ் சாக்கெட்டும் மேம்பட்டவை, விலையும் அதற்கேற்ப ஏறும். சிபி 80இல் ஏழுக்குப் பதில் ஆறு கண்ணாடிகள்தான். படத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை.

சிஎஃப் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஷட்டர் வேக வளையத்தின் ஓரத்தில் ‘எஃப்’ என்றொரு நிலை உண்டு. அது 2000 வரிசைப் பாடிக்கு. அந்த நிலையில் லென்ஸ் ஷட்டர் வேலை செய்யாது. 500இல் வளையம் அங்கே போய்விட்டால் ஃபிலிம் வெளுத்துப்போகும்.

சி லென்ஸில் அபெர்ச்சரை (ஒளித்துளையை) திருப்பினால் ஷட்டர் வேகமும் சேர்ந்து திரும்புகிறது. பழுதா?

இல்லை. இரண்டு வளையங்களும் ஒளி அளவைக் குறிக்கும் ஈவி எண்ணால் பிணைந்தவை. அபெர்ச்சர் பக்கமுள்ள சிறு நாக்கை அழுத்திக்கொண்டு திருப்பினால் பிரியும். சிஎஃப்பில் இது தலைகீழ்: இயல்பில் தனித்தனி, பொத்தானை அழுத்தினால் சேரும்.

முதல் லென்ஸ் எது? இரண்டாவது எது?

முதலாவது 80 மி.மீ. எஃப்/2.8 பிளானார். பெரும்பாலும் பாடியோடு அதுவே வரும். 6×6 ஃபிலிமின் உண்மையான படப்பரப்பு 56×56 மி.மீ., மூலைவிட்டம் 79 மி.மீ. சுமார். 35 மி.மீ. கேமராவில் பழகியவர்கள் 0.55ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: 50 என்பது 27 போல, 80 என்பது 44 போல, 150 என்பது 82 போல, 250 என்பது 137 போல. சதுரமும் செவ்வகமும் ஒன்றல்ல என்பதால் இது தோராயம்தான்.

இரண்டாவது லென்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். 80ஐ வைத்து பத்து ரோலாவது எடுத்த பின் நெகட்டிவ்களைப் பாருங்கள். எதை எடுத்தாலும் ஓரத்தை வெட்டித்தான் அச்சிடுகிறீர்கள் என்றால் 150. சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போய் எடுத்தவையே அதிகம் என்றால் 50 அல்லது 60. இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தில் இருக்கும் 80ஐ சர்வீஸ் செய்து, 12 படம் எடுக்கும் இன்னொரு ஏ12 ஃபிலிம் பேக் வாங்குங்கள். கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று ஃபிலிமைப் பாதியில் மாற்றிக்கொள்ளும் வசதி, மூன்றாவது லென்ஸைவிட அதிகம் பயன்படும்.

அகலத்துக்கு 40, 50, 60இல் எது?

பெரும்பாலோருக்கு 50 மி.மீ. எஃப்/4 டிஸ்டகான் போதும். சிஎஃப்பில் எஃப்எல்இ (உள்ளே நகரும் கண்ணாடி) என்று குறித்தது கிடைத்தால் கிட்டத்தில் ஓரங்கள் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் முன்வளையத்தை எடுக்கும் தூரத்துக்கேற்பத் தனியே வைக்க வேண்டும். மறந்தால் எஃப்எல்இ இல்லாததைவிட மோசம். 60 மி.மீ. எஃப்/3.5 தெருவுக்கும் குடும்பப் படத்துக்கும் மிக இயல்பானது, 80 இருக்கும்போது வித்தியாசம் குறைவு என்பதே குறை. பழைய 40 சி ஏறக்குறைய 1.4 கிலோ, ஃபில்டர் 104 மி.மீ.; முக்காலியை விட்டு நகராதவர்களுக்கு மட்டும்.

முகம் எடுக்க 150 வாங்கினேன். கிட்டப் போக முடியவில்லையே?

150 எஃப்/4 ஸோனாரின் மிகக் குறைந்த தூரம் 1.4 மீட்டர். அந்தத் தூரத்தில் சட்டகத்துக்குள் விழுவது சுமார் 40 செ.மீ. சதுரம்: தலையும் தோளும். முகம் மட்டும் நிறைய வேண்டுமென்றால் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே ட்யூப் (கண்ணாடியில்லாத வெற்று வளையம்) போட வேண்டும்.

8 மி.மீ. ட்யூப் போட்டால் சுமார் 3.1 மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். அதாவது ஸ்டூடியோவில் கழற்றாமலே வேலை முடியும். 16 மி.மீ. போட்டால் 1.7 மீட்டரிலிருந்து 0.95 மீட்டர் வரை. கிட்ட எல்லையில் சட்டகம் சுமார் 23 செ.மீ. சதுரம். இரண்டு ட்யூபிலும் தொலைவுக் காட்சி ஃபோகஸ் ஆகாது என்பதை நினைவில் வைக்கவும்.

ஒளியும் குறையும். உருப்பெருக்கத்தோடு 1 கூட்டி அதை வர்க்கப்படுத்தினால் எத்தனை மடங்கு ஒளி கூட வேண்டும் என்று வரும்; இரண்டு மடங்கு என்பது ஒரு ஸ்டாப். 80 மி.மீ. லென்ஸில், ஃபோகஸ் வளையம் முடிவிலியில் இருக்க, 16 மி.மீ. ட்யூபுக்கு உருப்பெருக்கம் 0.2, ஆகவே அரை ஸ்டாப், 32க்கு 0.4, ஒரு ஸ்டாப், 56க்கு 0.7, ஒன்றரை ஸ்டாப். கையில் பிடிக்கும் மீட்டருக்கு இது தெரியாது. நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

தெளிவின் ஆழமும் பார்த்து. 150ஐ 1.4 மீட்டரில் எஃப்/4இல் வைத்தால் தெளிவாக இருப்பது மூன்று செ.மீ.க்குக் குறைவு. கண்ணில் வைத்தால் காது போய்விடும். எஃப்/8இல் அது ஐந்தரை செ.மீ. ஆகும். முகத்துக்கு எஃப்/8 பழகிக்கொள்வது நல்லது.

மாட்டும் ஒழுங்கு முக்கியம்: முதலில் ட்யூப் பாடியில், பிறகு லென்ஸ் ட்யூபில். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு ட்யூப். ட்யூபோடு சேர்த்து லென்ஸைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டு நழுவி, அடுத்த கேள்விக்குப் போக வேண்டியிருக்கும். பழைய 10, 21, 55 மி.மீ. ட்யூப்களும் பின்வந்த 8, 16, 32, 56 ட்யூப்களும் இரண்டு தலைமுறை லென்ஸ்களுக்கும் பொருந்தும்.

பழைய பாடிகளில் 150ம் ட்யூபும் சேர்ந்தால் வியூஃபைண்டரின் ஒரு விளிம்பு இருண்டு தெரியும். பாடிக்குள் இருக்கும் கண்ணாடி சிறியதாக இருப்பதே காரணம். ஃபிலிமில் படம் முழுதாகவே விழும். 501சிஎம், 503சிடபிள்யூ பாடிகளில் இந்தக் குறை இல்லை.

கைப்பிடி சுற்ற மாட்டேன் என்கிறது, லென்ஸும் கழலவில்லை. என்ன செய்வது?

பலம் கொடுக்காதீர்கள். பாதி நேரம் இது ஜாம் ஆகியிருக்காது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

டார்க் ஸ்லைடு (பேக்கில் ஃபிலிமை மறைக்கும் தகடு) உள்ளே இருந்தால் ஷட்டர் பொத்தான் அழுந்தாது. ஏ12இல் 12 படம் முடிந்துவிட்டாலும் அழுந்தாது. கேபிள் ரிலீஸின் பூட்டுத் திருகு இறுகிக் கிடந்தாலோ, பொத்தானைச் சுற்றியுள்ள நாக்கு நேர எக்ஸ்போஷர் நிலைக்கு நகர்ந்திருந்தாலோ பாடி காத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால், ஷட்டரை அடித்து முடித்துச் சாவி கொடுத்தால்தான் லென்ஸ் கழலும்.

இவை எதுவும் இல்லையென்றால் உண்மையான ஜாம்தான். லென்ஸின் பின்புறமும் பாடியின் முன்புறமும் ஒரு தண்டால் இணைகின்றன. இரண்டும் சாவி ஏறிய (ஸ்பிரிங் இறுகி, படமெடுக்கத் தயாரான) நிலையில் இருந்தால்தான் மாட்ட வேண்டும். ஒன்று ஏறி மற்றது இறங்கியிருக்கும்போது மாட்டினால் பற்கள் பொருந்தாமல் இறுகிக்கொள்ளும்.

லென்ஸ் வெளியே இருக்கும்போதே சாவி இறங்கியிருப்பது சுலபமான நிலை. பின்புறத்தில் ஒரு கீறல் உள்ள திருகு தெரியும்; அந்தக் கீறல் பக்கத்திலுள்ள சிவப்புப் புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அகலமான தட்டை முனை ஸ்க்ரூடிரைவரோ காசோ வைத்து, கடிகாரச் சுற்றில், ஒரு முழுச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, ‘கிளிக்’ என்று நிற்கும்வரை திருப்புங்கள். ஸ்பிரிங் எதிர்க்கும், பாதியில் கையை விட்டால் சடாரென்று திரும்பும். பாடி சாவி இறங்கியிருந்தால் கைப்பிடியைச் சுற்றினாலே போதும்.

லென்ஸ் பாடியிலேயே மாட்டிக்கொண்டு இறுகியிருந்தால், ஃபிலிம் பேக்கைக் கழற்றி, பின்கதவுகளை மெல்லத் திறந்து, நீண்ட மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் உள்ளிருந்தே அந்தத் திருகைக் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். முனை நழுவினால் லென்ஸின் பின்கண்ணாடியில் கீறும். ஸ்க்ரூடிரைவரின் தண்டுக்கு டேப் சுற்றி, முனையை மட்டும் விட்டுவையுங்கள். கண்ணுக்கு அந்தத் திருகு தெளிவாகத் தெரியாவிட்டால் தொடாமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே லாபம்.

அடிக்கடி ஜாம் ஆகும் கேமராவில் பழக்கம் தப்பா, தேய்மானமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: லென்ஸை மாற்றாமலே ஜாம் ஆனால் தேய்மானம், சர்வீஸுக்குப் போக வேண்டியது.

லென்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் சோதிப்பது?

கடைக்கு ஒரு பாடியும் சிறு டார்ச்சும் கொண்டுபோங்கள். லென்ஸை மாட்டி, ஃபிலிம் பேக் இல்லாமல், 1 வினாடியில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்பக்கமாகப் பாருங்கள். இலைகள் ஒரே மூச்சில் திறந்து, சீராகக் கிர்ரென்று ஓடி, தயங்காமல் மூட வேண்டும். 1 வினாடி ஒன்றரை வினாடியாக இழுத்தாலோ, நடுவில் நின்று நின்று ஓடினாலோ உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிட்டது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

செல்போனில் 240 சட்டக ஸ்லோமோஷன் இருந்தால் இன்னும் நல்லது. 1/15 என்றால் சுமார் 16 சட்டகங்கள் திறந்திருக்கும், 1/30க்கு 8, 1/60க்கு 4. அதற்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. பழைய லென்ஸில் 1/500 உண்மையில் 1/350ஆக ஓடினாலும் நெகட்டிவ் ஃபிலிமுக்குப் பெரிய பாதகமில்லை. ஸ்லைடு ஃபிலிமுக்கு அது அரை ஸ்டாப் தவறு.

அபெர்ச்சரை எஃப்/22இல் வைத்து, ஆழம் பார்க்கும் நாக்கைத் தட்டினால் இலைகள் உடனே சுருங்க வேண்டும். இலைகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் வேண்டாம்.

பிறகு டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பங்கஸ். ஓரத்தில் சிறிதாக இருந்தால் துடைக்கலாம், பூச்சை அரித்திருந்தால் தடம் நிரந்தரம். முழுக் கண்ணாடியும் பால் படர்ந்தது போல மங்கலாக இருப்பது படத்தின் கறுப்பையே சாம்பலாக்கும், முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பதைவிட இது மோசம். விளிம்பில் வானவில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன.

சி லென்ஸின் பக்கத்தில் எம், எக்ஸ், வி என்று ஒரு நாக்கு இருக்கும். ‘வி’ என்பது தாமத டைமர். கடையில் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பல ஆண்டுகள் ஓடாத டைமர் நடுவில் சிக்கிக்கொண்டால் ஷட்டரே நின்றுவிடும்.

ஃபில்டர் அளவு குழப்பமாக இருக்கிறது.

எல்லாருக்கும்தான். திருகு மரை இல்லை, செருகித் திருப்பி மாட்டும் பேயனெட். சி லென்ஸில் 80, 100, 120, 150, 250க்கு பேயனெட் 50. சிஎஃப்பில் 50 முதல் 250 வரை பெரும்பாலானவற்றுக்கு பேயனெட் 60. சிஎஃப் 40க்கு 93. பழைய சி 50க்கு இவை எதுவும் அல்ல. அதன் முன்வளையத்தைக் கழற்றி உள்ளே வைக்கும் 63 மி.மீ. வட்ட ஃபில்டர்.

சி-யும் சிஎஃப்பும் கலந்து வாங்கும்போது ஃபில்டரும் ஹுட்டும் இரட்டிப்பாகின்றன என்பதே விஷயம். ஒரு தலைமுறையிலேயே நில்லுங்கள். பேயனெட் 60க்கு 67 மி.மீ. மரை அடாப்டர் எளிதில் கிடைக்கும். அதன்பின் சாதாரண ஃபில்டர்களே போதும். ஆனால் அடாப்டரும் தடித்த போலரைஸரும் சேர்ந்தால் 50 மி.மீ.யில் மூலைகள் இருளும். மெல்லிய வளையமுள்ளதை எடுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு மஞ்சள் ஒன்று போதும், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று ஸ்டாப். 100 வேக ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டால் உண்மையில் 12 வேகத்தில்தான் எடுக்கிறீர்கள். முக்காலி தயாராக இருக்கட்டும்.

ஹுட் அவசியமா?

அவசியம். வெள்ளி சி லென்ஸுக்கு இரண்டு மடங்கு அவசியம். லென்ஸுக்குரியதையே வாங்குங்கள், 150க்கான நீள ஹுட்டை 80இல் போட்டால் மூலை வெட்டும்.

120 மேக்ரோ வாங்கட்டுமா, 80உம் ட்யூபும் போதுமா?

பூ, நகை, பழைய ஆவணம் என்று வாரந்தோறும் எடுத்தால் 120. அதுவும் கிட்டத்துக்காகவே திருத்தப்பட்ட லென்ஸ். சி-யில் எஸ்-பிளானார் எஃப்/5.6, சிஎஃப்பில் மேக்ரோ-பிளானார் எஃப்/4. சிஎஃப் தனியே 0.8 மீட்டர் வரைதான் போகும், அதற்கும் ட்யூப் தேவைப்படும். எப்போதாவது எடுப்பவருக்கு 80உம் 32 மி.மீ. ட்யூபும் தாராளம். முன்னால் மாட்டும் ப்ராக்ஸார் கண்ணாடியில் ஒளி குறையாது, ஓரம் மட்டும் சற்று மென்மையாகும். தட்டையான ஆவணமோ கட்டடமோ, கோடுகள் நேராக விழ வேண்டுமென்றால் 100 மி.மீ. எஃப்/3.5 பிளானார் தனி ரகம்.

ஃபிலிம் பேக்கில் 12, ஏ12, ஏ16, ஏ24 என்று வருகிறதே?

12 என்பது பழையது. பின்பக்கச் சிறு ஜன்னலில் 1 என்ற எண் வரும்வரை பார்த்துத் திருப்பி, பிறகு கவுன்டரை நீங்கள் ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். ஏ12இல் ஃபிலிமின் அம்புக்குறியைக் குறிக்கு நேராக வைத்து மூடி, கைப்பிடியை நிற்கும்வரை சுற்றினால் தானே 1இல் நிற்கும். ஏ16 என்பது 6×4.5, 16 படம். ஏ24 என்பது வழக்கமான 120ஐவிட இரு மடங்கு நீளமுள்ள 220 ஃபிலிமுக்கு.

உள்ளே ஃபிலிம் சுற்றும் சட்டத்தில் மூன்று இலக்கம் பொறித்திருக்கும். அது வெளிக்கூட்டின் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். தொழிற்சாலையில் ஜோடியாகச் சரிசெய்தவை. ஜோடி மாறியது சில நேரம் சரியாக ஓடும், சில நேரம் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு ரோல் ஓட்டி இடைவெளி பார்க்காமல் முழு விலை கொடுக்காதீர்கள்.

தொடர் எண்ணின் முதல் இரண்டு எழுத்தில் ஆண்டு ஒளிந்திருக்கிறது: வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் முறையே 1 முதல் 9 வரை, கடைசி எஸ் என்பது 0. யு-எச் என்றால் 72, ஆர்-வி என்றால் 81. பாடிக்கும் இதே கணக்கு. ‘கடைசிக் காலத் தயாரிப்பு’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் இதைச் சரிபார்க்கலாம்.

ஃபிலிம் போடும்போது என்ன தப்பு நடக்கிறது?

இரண்டு. பேப்பரின் கறுப்புப் பக்கம் வெளியே, லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் 12ம் காலி. இரண்டாவது, பேப்பரின் விளிம்பை அழுத்தத் தட்டின் ஓரத்திலுள்ள சிறு கிளிப்புக்கு அடியில் செருக மறப்பது. ஃபிலிம் தட்டையாக உட்காராமல் படம் ஒரு பக்கம் மங்கும். லென்ஸைக் குறை சொல்லும் பல புகார்களுக்கு இதுவே காரணம்.

பேக்கை மாற்றும்போது பாடியிலும் பேக்கிலும் உள்ள சிறு ஜன்னல்களைப் பாருங்கள். இரண்டும் வெள்ளை, அல்லது இரண்டும் சிவப்பு. பாடி வெள்ளையாகவும் பேக் சிவப்பாகவும் இருந்தால் எடுத்த படத்தின்மேல் இன்னொன்று விழும். இதற்குத் தலைகீழாக இருந்தால் ஒரு படம் வீணாகும்.

நெகட்டிவில் ஒரே பக்க ஓரத்தில் வெளிச்சக் கீற்று விழுகிறது.

டார்க் ஸ்லைடு நுழையும் பிளவில் பஞ்சும் மெல்லிய மைலார் தகடும் வைத்திருப்பார்கள். பஞ்சு பொடிந்தோ தகடு மடிந்தோ போனால் ஸ்லைடை எடுக்கும் கணத்தில் ஒளி புகும். சோதனை: ஒரு ரோலில் பாதிப் படங்களை, பிளவின்மேல் கறுப்பு டேப் ஒட்டி எடுங்கள். அவற்றில் கீற்று இல்லையென்றால் காரணம் உறுதி. புதிய பஞ்சும் தகடும் சேர்ந்த செட் மலிவு; பொறுமையுள்ளவர் அரை மணியில் மாற்றலாம். அதுவரை ஸ்லைடை மூலையில் சாய்த்துச் செருகாமல், முழு அகலமும் ஒரே நேரத்தில் நுழையும்படி நேராகச் செருகுங்கள். வெயிலில் உங்கள் நிழலில் திருப்பி வைத்துச் செய்யுங்கள்.

மெதுவான வேகத்தில் படம் பாதி வெட்டுப்படுகிறது. லென்ஸ் பழுதா?

பொத்தானை அழுத்தியதும் கையை எடுத்துவிடுகிறீர்கள். கை எடுத்தவுடன் பாடியின் பின்கதவுகள் மூடிக்கொள்ளும், லென்ஸ் ஷட்டர் இன்னும் திறந்திருந்தாலும். 1/8 அதற்குக் கீழே எல்லாவற்றுக்கும் ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும்வரை பிடித்திருங்கள். கேபிள் ரிலீஸும் அப்படியே.

வியூஃபைண்டர் திரை மிக இருட்டாக இருக்கிறது. பிரிஸம் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது, பிரிஸம் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, இடவலத்தைச் சரிசெய்து கண் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது, எடையையும் ஏற்றுகிறது. மாற்ற வேண்டியது திரை. அக்யூட்-மேட் திரைகள் பல மடங்கு பளிச். அவற்றில் டி வகைக்குச் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அரைவட்ட வெட்டுகள் உண்டு, அதைப் பார்த்தே வாங்குங்கள். 500சி/எம் முதல் நீங்களே எடுத்து மாற்றலாம். 500சி-யில் திரை பதித்தது, மெக்கானிக் வேலை.

பழைய மீட்டர் பிரிஸம் பழைய திரையின் இருட்டுக்கு அளவிட்டது. புதிய திரையோடு சேர்த்தால் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, படத்துக்குக் குறைவாகச் சொல்லும். கையடக்க மீட்டரோடு ஒப்பிட்டு ஃபிலிம் வேக வளையத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு மடக்கு ஃபைண்டரும் தனி மீட்டரும்தான் சிக்கனம்.

முக்காலி விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

பழைய பாடிகளின் அடியில் 3/8 அங்குல மரை மட்டும் இருக்கும். இன்றைய தகடுகள் 1/4. சிறு பித்தளை அடாப்டர் புஷ் போட்டுக்கொள்ளலாம். பாடி, 80, ஏ12 மூன்றும் சேர்ந்தால் சுமார் ஒன்றரை கிலோ, 250 போட்டால் இன்னும் முன்பாரம். பிளாஸ்டிக் தலை தாங்காது. 1/60க்குக் கீழே முன்கூட்டியே கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒரு நொடி விட்டு அடியுங்கள். அந்தக் கண்ணாடி அடிக்கும் அடி கையிலேயே தெரியும்.

ஃபிளாஷ் அடித்தும் படம் கறுப்பாக வருகிறது.

சி லென்ஸ் என்றால் நாக்கு ‘எம்’மில் இருக்கிறது. அது பழைய பல்புகளுக்கு; பல்பு எரிய நேரம் கொடுப்பதற்காக ஷட்டர் திறக்குமுன்பே மின்னல் போய்விடும். ‘எக்ஸ்’க்கு மாற்றுங்கள். சரியாக வைத்தால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் பொருந்தும். வெயிலில் முகத்துக்கு நிரப்பு ஒளி கொடுக்க இதைவிட வசதியான கேமரா குறைவு. எக்ஸில் இருந்தும் விட்டுவிட்டு எரிந்தால் வயரின் முனை தளர்ந்திருக்கும், வயரை மாற்றுங்கள்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரில் எப்படி வைத்துக்கொள்வது?

தோல் பையிலும் பஞ்சுப் பெட்டியிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை பார்க்க ஒரு சிறு ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் நல்லது. ரொம்ப உலர்ந்தாலும் எண்ணெய்க்கும் தோலுக்கும் ஆகாது. நிறம் மாறிய ஜெல்லை அவனில் 120 டிகிரியில் வறுத்தால் மீண்டும் உதவும். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டிவிடுங்கள்.

ஏ24 மலிவாகக் கிடைக்கிறது. அதில் 120 ஃபிலிம் ஓட்டலாமா?

ஓட்டலாம். கவுன்டர் 24 வரை ஓடும், ஃபிலிம் 12லேயே முடியும், எண்ணிக்கை உங்கள் பொறுப்பு. பேப்பரின் தடிமன் சேர்வதால் இழுப்பு சற்று இறுகலாம். முதல் ரோலை முக்கியமான வேலைக்குப் போடாதீர்கள்.

போலராய்டு பேக்?

வேண்டாம். அதற்கான ஃபூஜி எஃப்பி-100சி பேக் ஃபிலிமின் தயாரிப்பு 2016இல் நின்றுவிட்டது. மிச்சமிருப்பது காலாவதியானது, விலையோ தங்கம்.